சீவுளியும் வெட்டுருளையும்

எமது கல்லூரித் தாயின் விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு மலர்க் குழுவினர் கேட்டபொழுது, இலக்கியக் கட்டுரை ஒன்றினையே அவர்கள் எதிர்பார்த்தனர் என்பதை யாம் அறியாமலில்லை. இருபது ஆண்டுகளாகத் தமிழ் கற்பித்து வரும் ஒருவரிடம் வேறெதனைக் கேட்பது? எனினும், சென்ற ஈராண்டுகளாக எமது சிந்தையை ஆட்கொண்டிருந்த பொருள் பாட்டுமன்று, உரையுமன்று. மரஞ் சீவும் யந்திரத்தினுள்ளே சுழலும் இரும்புருளை ஒன்றே அது. அவ்வுருளை எவ்வகையினதாய் இருத்தல் வேண்டும் என்னும் வினா பழைய மாணவர் சங்கத்தின் நான்கு கூட்டங்களை விழுங்கிற்று. நெடுநாள் நண்பர் இருவரைச் சில திங்கள் பேசாதிருக்கச் செய்தது. ஈற்றில் எம்மையும் ஒரு பிழை செய்வித்து நாணச் செய்தது. அதனையே ஈண்டு எழுதத் துணிந்தோம்.

மரவேலைக் கூடத்தை அறியாத பழைய மாணவர் இலர். விளையாட்டிடத்தின் மேற்குக் கோடியில், வேப்பமர நிழலில், ஓட்டுக் கூரையுடன் நிற்கும் அந்நீண்ட கட்டடம் எமது வகுப்பறைக்கு மிக அண்மையிலுள்ளது. அங்கிருந்த பழைய சீவு யந்திரம் ஓடத் தொடங்கியதும் யாம் பாடத்தை நிறுத்திவிடுவோம். ஆலைச் சங்கு ஊதினாற்போல எழும் அவ்வோசைக்கு முன் எந்தச் செய்யுளும் நிற்கமாட்டாது. "சேர், மரம் அழுகுது" என்று ஒரு சிறுவன் ஒருநாட் சொன்னான். அன்று யாம் நடத்திய பாடத்திலே அதைவிடச் சிறந்த உவமை இருந்ததாக நினைவில்லை. அந்த யந்திரம் தேய்ந்து, இனித் திருத்துதல் வீண் என்றான பின்னர், விழாவின் நினைவாகப் புதியதொன்றை அன்பளிப்புச் செய்யப் பழைய மாணவர் முன்வந்தனர். தெரிவுக் குழுவில் தமிழாசிரியராகிய எமக்கு இடங் கிடைத்தமைக்குக் காரணம் ஒன்றே. யாம் ஓடாவியார் ஒருவரின் மகன்.

தமிழிலே 'சீவுதல்' என்னும் வினை விரிந்த ஆட்சியுடையது. தலைமயிரைச் சீவுகிறோம், பென்சிலைச் சீவுகிறோம், பனையின் பாளையைச் சீவுகிறார்கள், பலகையையும் சீவுகிறார்கள். இவற்றுள் முதலாவதையும் ஈற்றிலுள்ளதையும் பிணைத்தே ஐயா எமக்கு மரத்தின் இயல்பைக் கற்பித்தார். மயிர் படிந்த பக்கமாகச் சீவினாற் சீப்பு வழுக்கிச் செல்லும். எதிர்ப்பக்கமாகச் சீவினால் மயிர் எழும், சிக்கும், பிய்யும். பலகையின் நாரும் அவ்வாறே. ஆயின், முதிரையின் நார் ஒரு பக்கமாகப் படிந்து கிடப்பதில்லை. ஒரு படை வலமாகவும் அடுத்த படை இடமாகவும் சாய்ந்து, ஒன்றையொன்று பின்னி வளர்வது அம்மரம். எப்பக்கமிருந்து சீவினும் ஒரு வரி பளபளக்க, அடுத்த வரி பிய்ந்து செதிளெழும். எமது பகுதியில் நல்ல வீடுகளின் கதவும் யன்னலும் முதிரையால் ஆனவை என்பதனையும், வேம்பிலும் இக்குணம் ஓரளவு உண்டு என்பதனையும் வாசகர் நினைவிற் கொள்க.

1990ஆம் ஆண்டு குடாநாட்டில் மின்சாரம் நின்றபொழுது எமக்குப் பத்து வயது. மரக்காலைகளின் யந்திரங்கள் வாய் மூடின. ஐயாவின் கைச் சீவுளிக்கு வேலை பெருகிற்று. பாடசாலை விட்டு வந்து பலகையின் மறுமுனையைப் பிடித்துக்கொள்வது எமது கடமையாயிற்று. 1995ஆம் ஆண்டு ஒற்றோபர் மாத இறுதியில் ஊரோடு இடம்பெயர்ந்தபொழுது, ஐயா சீவுளியின் மரக்கட்டையை வீட்டிலே விட்டுவிட்டு, அதன் இரும்பு அலகினை மாத்திரம் எண்ணெய்த் துணியிற் சுற்றி மடியிற் கட்டிக்கொண்டார். "கட்டையை எங்கேயும் செய்யலாம், தம்பி" என்பதே அவர் சொன்ன காரணம்.

அவருடைய தம்பியார், எமது சித்தப்பா, யந்திரத்தை நம்பியவர். 1984ஆம் ஆண்டு மரக்காலை ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தபொழுது, சீவு யந்திரத்திலே வலக்கையின் சுண்டுவிரலையும் மோதிரவிரலையும் இழந்தார். அது எங்கிருந்தோ பழையதாக வாங்கப்பட்ட யந்திரம். அதனுள்ளே சுழன்றது உருளையன்று, சதுரக் கட்டை. இவ்வேறுபாட்டினை விளக்காது மேற்செல்லல் இயலாது.

மரஞ் சீவும் யந்திரங்கள் இருவகை. பலகையின் ஒரு முகத்தை நேராக்கி, ஒரு விளிம்பினை அம்முகத்துக்குச் செங்குத்தாக்குவது ஒன்று. அதனை மேற்சீவு யந்திரம் எனலாம். பலகையைக் கையாற் பிடித்து அதன்மேற் செலுத்துதல் வேண்டும். நேரான அம்முகத்துக்குச் சமாந்தரமாக மறுமுகத்தைச் சீவி, பலகை முழுவதும் ஒரே தடிப்பாக்குவது மற்றையது. அது தடிப்புச் சீவு யந்திரம். அங்கே பலகையை யந்திரமே உள்ளிழுத்துக்கொள்ளும். முதலாவதன் வேலை முடியாமல் இரண்டாவதற்குச் சென்றால், கோணிய பலகை கோணியபடியே மெலிந்து வெளிவரும். இரண்டிலும் உயிர்நிலையாய் இருப்பது ஒன்றே: அலகுகளைத் தாங்கிச் சுழலும் தண்டு. ஓடாவிமார் அதனைக் 'கற்றர் புளொக்' என்பர். யாம் வெட்டுருளை என்று வழங்குவோம்.

சுழலும் அலகினால் மரஞ் சீவும் எண்ணம் பழையது. இங்கிலாந்திலே சாமுவேல் பெந்தம் 1793ஆம் ஆண்டிற் பெற்ற உரிமப் பத்திரத்தில் அஃது இடம்பெற்றது. அமெரிக்காவில் வில்லியம் வூட்வேர்த் என்பார் 1828இற் பெற்ற உரிமம் மீண்டும் மீண்டும் நீடிக்கப்பட்டு, 1856 வரை அந்நாட்டு மரத்தொழிலாளரை வாட்டிற்று. முற்காலத்து வெட்டுத்தண்டுகள் பெரும்பாலும் சதுரமானவை. தட்டையான முகத்திலே அலகை வைத்து ஆணி முறுக்குதல் எளிதன்றோ? ஆனால், சதுரம் சுழலும்பொழுது மூலைகள் மேசையின் உதட்டினை உரசுமாறு வந்து போக, மூலைக்கும் மூலைக்கும் இடையே ஆழமான வெளி உண்டாகின்றது. பலகை நழுவினால் விரல் அவ்வெளியினுள் விழும். அடுத்த மூலை வந்து எலும்போடு கொண்டுபோகும். உருண்டையான தண்டில் அவ்வெளி இல்லை. அலகு மேற்பரப்பிலிருந்து ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றரே நீண்டிருக்கும். விரல் பட்டால் வெட்டும், ஆனால் ஒரே வீச்சில் விழுங்காது. கையாற் பலகை செலுத்தும் யந்திரங்களுக்கு உருண்டைத் தண்டே பூட்டப்படல் வேண்டுமென இங்கிலாந்தின் 1922ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் கட்டளையிட்டன. சித்தப்பா விரலிழந்தது அதற்கு 62 ஆண்டுகளின் பின்னர்.

எமது குழுவின் முன் நின்ற தெரிவுகளுள் எதுவும் சதுரமன்று. நேரலகு உருளையா, சிற்றலகுகள் பதித்த சுருள் உருளையா என்பதே வழக்கு.

நேரலகு உருளையில் இரண்டு அல்லது மூன்று நீண்ட உருக்கு அலகுகள் உருளையின் நீளத்துக்குப் பதிக்கப்பட்டிருக்கும். அதன் கணக்கு எளியது. மூன்று அலகுகள் நிமிடத்துக்கு 5000 முறை சுழன்றால் 15,000 வெட்டுகள். பலகை நிமிடத்துக்கு 20 அடி, அதாவது 240 அங்குலம், நகர்ந்தால் அங்குலத்துக்கு 62 வெட்டுகளுக்குச் சற்று மேல். வெட்டு நெருங்க நெருங்கப் பலகை வழவழப்பாகும். ஆனால், மூன்று அலகுகளும் ஒரே உயரத்தில் நிற்றல் வேண்டும். ஒன்று மயிரிழை உயர்ந்து நின்றாலும் ஈற்றுத் தடத்தைப் பதிப்பது அஃதொன்றே. மற்றை இரண்டும் சும்மா சுழலும். அங்குலத்துக்கு 21 வெட்டுகளே மிஞ்சும். அலகுகளைச் சமன் செய்தல் அரை நாள் வேலை. எமது மரவேலை ஆசிரியர் அதனைச் செய்யும்பொழுது அருகில் எவரும் பேசுதல் கூடாது. அலகில் ஒரு பல் விழுந்தால், பலகை முழுவதும் நீளக்கோடு ஒன்று மேடாக எழும். அதற்கும் அவரிடம் மருந்துண்டு. ஓர் அலகினைத் தளர்த்திப் பக்கவாட்டில் நெற்பிரமாணம் நகர்த்துவார். பல் விழுந்த இடத்தை மற்றை அலகு சீவிவிட, கோடு மறைந்துவிடும்.

இவற்றுக்கிடையே, தீட்டத் தேவையில்லாத இருமுனை மெல்லலகுகளும் உள. ஒரு முனை மழுங்கினால் திருப்பலாம். மறுமுனையும் மழுங்கினால் எறியலாம். அவ்வகையுள் டெர்சா என்பதில் முறுக்காணிகூட இல்லை. சுழற்சியின் வேகமே அலகை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். எமக்கு அது பிடித்திருந்தது. குழுவில் வேறெவருக்கும் பிடிக்கவில்லை, ஆகவே மேற்செல்வோம்.

சுருள் உருளையிலே நீண்ட அலகு கிடையாது. நகத்தைவிடச் சற்றுப் பெரிய சதுரச் சிற்றலகுகள் பல, உருளையைச் சுற்றிக் கொடி படர்ந்தாற்போல வரிசையாகப் பதிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றும் ஓர் ஆணியினால் இறுக்கப்பட்டது. ஒவ்வொன்றுக்கும் நான்கு முனைகள். வாங்குவோர் ஏமாறும் இடமும் ஈதே. சிலவற்றில் சிற்றலகுகள் சுருளாக அடுக்கப்பட்டிருந்தாலும், ஒவ்வொன்றின் முனையும் பலகைக்கு நேரெதிரே நின்றே வெட்டும். வேறு சிலவற்றில் முனையே சாய்வாக நின்று, கத்தியை இழுத்து அரிவதுபோல வெட்டும். விலைப் பட்டியல்களில் இரண்டுக்கும் ஒரே பெயர் வழங்கக் கண்டோம். தக்காளிப் பழத்தைக் கத்தியால் அழுத்துவதற்கும் அரிவதற்கும் உள்ள வேறுபாட்டை வீட்டிலுள்ளோர் அறிவர்.

சிற்றலகுகள் உருக்கினால் ஆனவையல்ல. தங்குதன் காபைட்டுப் பொடியை உலோகத்தினாற் பிணைத்துச் சுட்டு உண்டாக்கிய பொருள் அது. ஜெர்மனியிலே கார்ல் சுறோட்டர் 1923ஆம் ஆண்டு அதற்கு உரிமம் கோரினார். குறுப் நிறுவனம் அதனை 'விடியா' என்னும் பெயரில் விற்றது. 'வைரம் போல' என்னும் பொருள்படும் ஜெர்மன் தொடரின் சுருக்கம் அப்பெயர். தமிழ் ஓடாவிக்கோ வைரம் என்பது மரத்தின் உள்ளீடு. வைரம் பாய்ந்த மரத்தை வைரம் போன்ற அலகு சீவுகின்றது என்று யாம் குழுக் கூட்டத்திற் சொல்ல, பொருளாளர், "விலையும் வைரத்தின் விலைதான்" என்றார். உள்ளே வைரமுடையதை மரமென்றும் புறத்தே வைரமுடையதைப் புல்லென்றும் தொல்காப்பியம் பிரித்தமை மாணவர் அறிந்ததே. அவ்வகையிற் பனை புல்லினம். வன்மையான கருநார்கள் மென்மையான சோற்றிடையே கிடக்கும் பனஞ் சலாகையை நேரலகு சீவும்பொழுது சோறு பிய்ந்து போவதை யாம் கண்டிருக்கிறோம்.

பொருளாளரும், வவுனியாவில் தளபாடத் தொழிலகம் நடத்தும் பழைய மாணவர் ஒருவரும் ஒரே வகுப்பிற் படித்தவர்கள். முன்னவர் நேரலகின் பக்கம். பின்னவர் சுருளின் பக்கம். பேசாதிருந்தவர்கள் இவ்விருவருமே. கனடாவிலிருந்து மூன்றாவது குரல் ஒன்றும் எழுந்தது. அங்கே பாவித்த நல்ல யந்திரமொன்றைக் கப்பலேற்றலாம் என்று ஒரு பழைய மாணவர் எழுதினார். அன்பிலே குறையில்லை. ஆனால் அங்குள்ள மின்னோட்டம் செக்கனுக்கு 60 அலை; இங்கு 50. அத்தகைய மோட்டார் இங்கே ஆறில் ஐந்து பங்கு வேகத்திலேயே சுழலும். 5000 சுற்று ஏறத்தாழ 4170 ஆகும். மின்னழுத்தமும் வேறு. நன்றி கூறி மறுத்தோம்.

ஈற்றில், பேச்சினை நிறுத்திப் பலகையையே கேட்போம் என்று மரவேலை ஆசிரியர் சொன்னார். போரிற் சிதைந்த வீடொன்றின் முதிரை விட்டத்தை அரிந்து, ஒட்டிப் பிறந்த இரு பலகைகளை எடுத்தார். ஒன்றினை, இரவெல்லாம் தீட்டிய அலகுகளோடு எமது பழைய யந்திரத்திற் செலுத்தினார். பளபளத்த வரிகளிலே முகம் பார்க்கலாம் போலிருந்தது. இடையிடையே நார் பிய்ந்த வரிகளும் இருந்தன. திடீரெனத் தீப்பொறி ஒன்று பறந்தது. மரத்தினுள் அரிசியளவு எறிகணைத் துண்டு. இரண்டு அலகிலும் பல் விழுந்தது. ஆசிரியர் ஒன்றும் பேசாமல் யந்திரத்தை நிறுத்தி, ஓர் அலகை நகர்த்தினார். கோடு மறைந்தது. ஆயினும் அவ்விரண்டு அலகுகளையும் மீளத் தீட்டி முடிக்க அவருக்கு மறுநாள் மாலையாயிற்று.

மற்றைப் பலகையுடன் வவுனியாவுக்குச் சென்றோம். அங்கே சுருள் உருளை சுழலும்பொழுது பக்கத்தில் நின்று குரலுயர்த்தாமற் பேச முடிந்தது. நீண்ட அலகு பலகையின் அகலம் முழுவதையும் ஒரே கணத்தில் அறைகின்றது, மேசை உதட்டைக் கடக்கும்பொழுது காற்றையும் அறைகின்றது, சங்கொலி அதனாலெழுவது. சிற்றலகுகளோ ஒன்றன்பின் ஒன்றாக வந்து ஒவ்வொரு கொத்தாகக் கொத்திச் செல்கின்றன. பலகை வெளியே வந்தது. பிய்ந்த வரி ஒன்றேனும் இல்லை. ஆசிரியர் அதனை யன்னலண்டை எடுத்துச் சென்று, சாய்ந்த வெயிலில் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். "இஞ்சை பாருங்கோ மாஸ்ரர்" என்றார். கடற்கரை மணலிற் காற்று வரைந்தாற்போல மெல்லிய பள்ளங்கள் நீளத்துக்கு ஓடின. பளபளப்பும் நேரலகினதைப் போன்றதன்று. உண்மையை மறைத்தலாகாது: நல்ல நாரோட்டமுள்ள மரத்தில், புதிதாய்த் தீட்டிய நேரலகு இடும் மெருகினை இது இடமாட்டாது. மோட்டாருக்கும் இதிற் சுமை கூட. ஒருமுறைக்கு மெல்லியதாகவே எடுத்தல் வேண்டும். இரண்டாம் முறை செலுத்துகையில் இப்பலகையிலும் ஒரு துண்டு அகப்பட்டது. சிற்றலகு ஒன்றின் மூலை உடைந்தது. தொழிலக உரிமையாளர் மின்னிணைப்பைக் கழற்றி, அதனையும் அதன் அயலிலிருந்த ஒன்றையும் கால் வட்டம் திருப்பி முறுக்கினார். ஐந்து நிமிடம்.

அங்கேதான் எமது வாதமொன்று உடைந்ததும். சுருள் உருளை பிள்ளைகளின் விரலுக்குத் தீங்கற்றது என்று யாம் கூட்டங்களிற் பேசி வந்தோம். சித்தப்பாவின் கை எமது கண்முன் இருந்தது. உரிமையாளர் சிரிக்கவில்லை. "அண்ணை, இதுவும் வெட்டும். வெட்டுறதுக்குத்தானே செய்தது" என்றார். சதுரத்தை உருண்டையாக்கியபொழுது கிடைத்த காப்பு நேரலகு உருளைக்கும் உண்டு, சுருளுக்கும் உண்டு. அதற்கு மேலான காப்பை அலகிலே தேடுதல் பிழை. எமது வாதத்தை அன்றே கைவிட்டோம்.

ஆசிரியரின் மறுப்பு அதனினும் வலியது. "தீட்டத் தெரியாதவன் ஓடாவியில்லை. இதிலே பிள்ளைகள் எதைத் தீட்டுவார்கள்? 2022இல் வந்ததுபோல ஒரு காலம் வந்து, இறக்குமதி நின்றால் இந்தச் சில்லுகளுக்கு எங்கே போவீர்கள்? உருக்கலகை நான் சாணைக்கல்லிலே பிழைக்கவைப்பேன்." எரிபொருளுக்கு வரிசையில் நின்ற அவ்வாண்டினை எவரும் மறக்கவில்லை, ஆகவே எவரும் எதிருரைக்கவில்லை. மடியில் அலகைக் கட்டிக்கொண்டு நடந்த ஐயாவும் இதனையே சொல்லியிருப்பார்.

எனினும், யாம் சுருளுக்கே வாக்களித்தோம். எமது பகுதியின் மரம் முதிரை; அதனுள் இன்னும் எத்தனை துண்டுகள் கிடக்கின்றனவோ. ஆசிரியர் ஓய்வு பெற்றபின், இரவெல்லாம் அலகு தீட்டிச் சமன் செய்ய எவர் வருவார்? மழுங்கிய நேரலகுடன் ஓடும் யந்திரம் பலகையைப் பின்னுதைக்கும். பயிலும் பிள்ளைக்கு அதனிலும் கெட்டது வேறில்லை. யாம் கோரிய நிபந்தனைகள் இரண்டு: உதிரிச் சிற்றலகுகள் ஒரு பெட்டி யந்திரத்தோடு வருதல் வேண்டும், கைச் சீவுளிகள் பத்து வாங்கப்படல் வேண்டும். இரண்டாவதைக் கேட்டு ஆசிரியர் எம்மை நிமிர்ந்து பார்த்தார். பின்னர் அவரும் கையுயர்த்தினார்.

யந்திரம் வந்தது. பன்னிரண்டு அங்குல அகலம். ஒரே உருளை இருவகைச் சீவலும் செய்வது. சிற்றலகுகளை எண்ணினோம்: 56. முனைகள் 224. முதல் முனை மழுங்கிய நாளிலே, திருப்பும் பணியை யாமே விரும்பிக் கேட்டுப் பெற்றோம். ஒன்றின் கீழே மரத்தூள் கிடந்ததைத் துடைக்காமல் ஆணியை முறுக்கிவிட்டோம். 'டிக்' என்றொரு சிற்றோசை. சிற்றலகு பிளந்தது. பிளவை அறியாமல் மற்றொன்றையும் அவ்வாறே தூளின்மேல் இருத்தியிருந்தோம். அது மயிரிழை உயர்ந்து நின்று, அன்று சீவிய பலகைகள் அனைத்திலும் ஒரு வாய்க்காலை வெட்டிற்று. பதினோராம் வகுப்பு மாணவன் ஒருவன் தூரிகையுடன் வந்து, இருக்கையைச் சுத்தஞ் செய்து, "இப்ப இறுக்குங்கோ சேர்" என்றான்.

இப்பொழுது பலகைகள் யந்திரத்திலிருந்து வந்ததும், மாணவர் அவற்றைக் கைச் சீவுளியால் ஈற்றுச் சீவல் எடுத்து அம்மெல்லிய பள்ளங்களை நீக்குகின்றனர். அதற்கு முன் ஒவ்வொருவனும் தன் அலகைத் தானே தீட்டல் வேண்டும். ஐயாவின் அலகுக்கு ஆசிரியர் புதிய கட்டை செய்து பூட்டியுள்ளார். அதனைத் தொடும் உரிமை இதுவரை மூவருக்கே கிடைத்தது. பொருளாளரும் வவுனியா நண்பரும் திறப்பு நாளன்று ஒரே வாங்கில் அமர்ந்து சோடா குடிக்கக் கண்டோம்.

அன்று சித்தப்பாவும் வந்திருந்தார். எழுபத்தைந்தைக் கடந்தவர். சிற்றலகுகளின் சிறப்பையெல்லாம் யாம் விளக்க, அவர் கேட்டுக்கொண்டிருந்ததாகத் தெரியவில்லை. உருளையின்மேல் உயர்த்தி விடப்பட்டிருந்த காப்பு மூடியையே பார்த்துக்கொண்டு நின்றார். பின்னர் அருகே வந்து, மூன்று விரற் கையாலே அம்மூடியைப் பிடித்து, பலகை மட்டும் நுழையுமளவுக்குத் தாழ்த்தி, திருகை இறுக்கினார். ஒருமுறை அசைத்துப் பார்த்தார். "இனி ஓட்டுங்கோ" என்றார்.